கோதுமைக் கதிர் வெட்டிய ஸ்பிண்டில்

அந்த அக்கா முதல் தடவை முடிச்சூரில் எங்கள் மெஷின் ஷெட்டுக்கு வந்தபோது கையில் ஒரு கனமான துணிப்பையும் ஒரு சின்ன டிபன் பாக்ஸும் வைத்திருந்தார். பையில் இருந்தவை கீல் போட்டு ஒரு பக்கம் இணைத்த இரண்டு பித்தளைத் தகடுகள். டிபன் பாக்ஸுக்குள், டிஷ்யூ பேப்பரில் சுற்றி, ஒரே ஒரு அப்பம்.

தேங்காய்ப்பால் ஊற்றிச் சாப்பிடுகிற அப்பம் இல்லை. மாதா கோயில் பூசையில் ஃபாதர் ஒவ்வொருவருக்கும் கொடுப்பாரே, காகிதம் போல மெல்லிய வெள்ளை வட்டம், அது. கோதுமை மாவையும் தண்ணீரையும் மட்டும் கரைத்து, சூடான தகட்டில் ஊற்றி, மேல் தகட்டால் அமுக்கி, தாளாக எடுத்து, வட்டம் வட்டமாக வெட்ட வேண்டும். அக்கா அந்த வேலையை ராஜகீழ்ப்பாக்கத்தில் தன் வீட்டுச் சமையலறையில் செய்கிறார். வீட்டுக்காரர் இறந்துபோன பிறகு அவருக்கு இருக்கிற வேலை அதுதான். சுற்று வட்டாரத்தில் சில கோயில்களுக்கு அவர் வீட்டிலிருந்துதான் அப்பம் போகிறது.

கீழ்த் தகட்டில் வரிசையாக வட்டங்கள், ஒவ்வொன்றிலும் சிலுவையும் அதன் இரண்டு பக்கமும் கோதுமைக் கதிரும் செதுக்கியிருந்தது. பல வருடச் சூட்டில், பல வருடத் தேய்ப்பில் எல்லாம் மழுங்கிப் போயிருந்தது. சிலுவையையாவது கண்டுபிடிக்கலாம். கதிர் எது, கீறல் எது என்று தெரியவில்லை.

"போன வாரம் ஒரு சின்னப் பொண்ணு இன்னா கேட்டுது தெரியுமா?" என்றார் அக்கா. "ஆன்ட்டி, இதுல ஏன் பல்லி கீதுன்னு கேட்டுது. அவங்க அம்மா வாயப் பொத்துனாங்க. எனக்குத்தான் பொசுக்குனு ஆயிடுச்சி."

என் மனைவி சிரித்துவிட்டாள். எனக்கும் சிரிப்பு வந்தது, ஆனால் அக்கா முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டேன். வருகிறவர்களோடு பெரும்பாலும் மனைவிதான் பேசுவாள். நான் அளவை மட்டும் கேட்டுக்கொள்வேன். பத்தாவது முடித்துவிட்டு மெஷினுக்குப் போனவன். இருபது வருடத்துக்கு மேல் ஒரகடம் பக்கத்துக் கம்பெனிகளில் இருந்தும் நாலு பேர் நடுவில் பேசுகிற பழக்கம் மட்டும் வரவில்லை. அன்றும் நான் டிபன் பாக்ஸையே பார்த்துக்கொண்டு நின்றேன். அப்பத்தைக் கையில் எடுத்து அளக்க வேண்டும். எடுக்கலாமா கூடாதா என்று தெரியவில்லை.

அக்கா புரிந்துகொண்டார். "தொடுப்பா, சொம்மா தொடு. இது வெறும் மாவுதான். பூசையில ஃபாதர் ஜெபம் சொன்னாத்தான் அது வேற."

அது தகடு நன்றாக இருந்த காலத்தில் எடுத்து வைத்த அப்பமாம். ஒவ்வொரு கதிரிலும் மணி மணியாகத் தெரிந்தது. மணிக்கு மேல் முடி போல ஒரு கோடு. அதைப் போட்டோ எடுத்துக்கொண்டேன்.

அக்கா கிளம்பும்போதுதான் விஷயத்தைச் சொன்னார். கோயில்களில் கடையில் விற்கிற பாக்கெட் அப்பம் வாங்கலாம் என்று பேச்சு வந்துவிட்டது. இப்போது தவக்காலம், ஈஸ்டருக்கு முந்தின நோன்பு நாட்கள். குருத்து ஞாயிற்றிலிருந்து ஈஸ்டர் வரைக்கும் கூட்டம் அதிகம், அப்பமும் அதிகம் வேண்டும். "குருத்து ஞாயித்துக்கு நான் நல்ல அப்பம் குடுத்தா அவங்க பாக்கெட்டுக்குப் போக மாட்டாங்க. ஒரு தடவ போயிட்டாங்கன்னா திரும்பி வர மாட்டாங்கப்பா. அப்புறம் நான் சொம்மாதான் ஒக்காந்துகினு இருக்கணும்."

"செஞ்சிடலாம்கா," என்றேன். மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் அப்படி உடனே வாக்குக் கொடுக்கிற ஆள் இல்லை.

அக்கா பாரிமுனையில் வாங்கி வந்த புதுப் பித்தளைத் தகட்டில் முதலில் வேலையை ஆரம்பித்தேன். எங்கள் மெஷின் பழைய கம்ப்யூட்டர் மில்லிங் மெஷின். கம்பெனியில் புது மெஷின் இறக்கியபோது கழித்துவிட்டதை நான் வாங்கினேன். இரும்பைச் சீவச் சொன்னால் அசராமல் சீவும். ஆனால் கட்டரைப் பிடித்துச் சுழற்றுகிற அதன் தலை, நாங்கள் ஸ்பிண்டில் என்று சொல்வது, நிமிடத்துக்கு ஆறாயிரம் சுற்றுக்கு மேல் போகாது. பெரிய கட்டருக்கு அது போதும். கோதுமை மணிக்கு மேல் உள்ள கோட்டை வெட்ட பென்சில் முனை போன்ற கட்டர் வேண்டும். அந்த முனைக்கு ஆறாயிரம் என்பது தூங்கி வழிகிற வேகம். வெட்டாமல் பித்தளையைப் பிய்த்துத் தள்ளும்.

அப்படித்தான் ஆனது. பார்க்கக் கோடு நன்றாகவே இருந்தது. விரலை வைத்தால் பிசிறு குத்தியது. உப்புத்தாளால் தேய்த்தேன், பிரஷ் போட்டேன். பிசிறு கோட்டுக்குள் மடங்கிக்கொண்டதே தவிரப் போகவில்லை. அக்கா எடுத்துப்போய்ச் சுட்டுப் பார்த்துவிட்டு மறுநாளே போன் செய்தார்.

"படம் நல்லாத்தான் கீதுப்பா. ஆனா மாவ வுட மாட்டேங்குது. பிச்சிப் பிச்சித்தான் எடுக்க வேண்டியிருக்கு."

தகட்டைத் திரும்ப வாங்கி, செதுக்கியதை முழுதும் சீவி மறுபடி சமமாக்கினேன். தகடு மெலிந்துவிட்டது. இனி ஒரு தடவைதான். அதற்கு மேல் சீவினால் சூட்டில் வளைந்துவிடும். அதே கனத்தில் வேறு தகடு வாங்கலாம் என்றால் கடையில் பண்டிகைக்குப் பிறகுதான் வரும் என்றார்கள்.

வேகமான ஸ்பிண்டில் ஒன்று போட வேண்டும் என்று எனக்கு முன்பே ஆசை உண்டு. நகைக்கடை அச்சு, கைக்கடிகாரச் சாமான், சின்ன எழுத்து வெட்டுவது என்று நுணுக்கமான வேலை கேட்டு வருகிறவர்களைத் திருப்பி அனுப்பிக்கொண்டே இருந்தேன். இந்தத் தகடுதான் என்னை வாங்க வைத்தது. நிமிடத்துக்கு இருபத்து நாலாயிரம் சுற்றுகிற ஸ்பிண்டில், கூடவே அதன் வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற டிரைவ் பெட்டி, இரண்டும் பார்சலில் வந்தன. ஸ்பிண்டில் பார்ப்பதற்கு ஒரு பெரிய டார்ச் லைட் மாதிரிதான் இருந்தது. அதன் கீழே நீட்டிக்கொண்டிருந்த மூக்கு என் சுண்டு விரலைவிடக் கொஞ்சம்தான் பருமன்.

அதைப் பெரிய மெஷினின் தலைக்குப் பக்கவாட்டில் தொங்கவிட வேண்டும். அலுமினியக் கட்டியைக் குடைந்து நானே ஒரு பிடி செய்தேன். மின்சார வேலைக்கு பாய் வந்தார். முடிச்சூர் ரோட்டில் மோட்டாருக்கு காயில் கட்டுகிற கடை வைத்திருக்கிறார். என்னைவிட இளையவர். நான் யாரிடமாவது சகஜமாகப் பேசுவேன் என்றால் அவரிடம்தான்.

இந்த ஸ்பிண்டிலுக்குத் தண்ணீர் ஓட வேண்டும். இல்லாவிட்டால் சூடாகிவிடும். ஒரு பெயின்ட் வாளியில் மீன் தொட்டி மோட்டாரைப் போட்டு இரண்டு குழாய் இழுத்தோம். எங்கள் போர் தண்ணீரில் உப்பு அதிகம், குழாயை அடைத்துவிடும் என்று கேன் தண்ணீரை ஊற்றினேன். மனைவி வாசலில் நின்று பார்த்தாள்.

"மெஷினுக்கு கேன் தண்ணி. எனக்குக் கொழம்பு வைக்க போர் தண்ணி," என்றாள்.

"அண்ணி, அதுக்கு வயிறு சரியில்ல. ஒங்களுக்கு நல்ல வயிறு," என்றார் பாய்.

"உங்க வயித்துக்கும் சேத்துத்தான் இன்னிக்கு டீ போர் தண்ணியில போட்டேன். குடிங்க."

ஸ்பிண்டிலை மாட்டி, மேசைக்குச் செங்குத்தாக நிற்கிறதா என்று நாலு பக்கமும் பார்த்து, மெல்லிய காகிதத்தைச் சொருகிச் சொருகி நேராக்கினோம். கடைசியில் ஒரு நேரான கம்பியை அதில் மாட்டி, ஆட்டத்தை அளக்கிற டயலின் முள்ளை அதன்மேல் வைத்து, கையால் மெல்லச் சுற்றினேன். கம்பி தன் இடத்திலேயே சுழன்றால் டயல் அசையாது. வட்டமடித்தால் அசையும். அசையவே இல்லை என்று சொல்லலாம். கண்ணை இடுக்கிப் பார்த்தால் ஒரு நடுக்கம் இருந்த மாதிரி இருந்தது, அவ்வளவுதான்.

முதல் தடவை மெதுவாக ஓட்டு, படிப்படியாக வேகத்தைக் கூட்டு, அப்போதுதான் உள்ளே இருக்கிற பேரிங் படியும் என்று பெட்டியில் வந்த தாளில் போட்டிருந்தது. நானும் அப்படித்தான் செய்துகொண்டிருந்தேன். பாய்க்குப் பொறுமை இல்லை.

"ஒரே ஒரு தடவ ஃபுல்லா வச்சிப் பாக்கலாம்ணா. சவுண்டு எப்பிடி கீதுன்னு பாத்துட்டுக் கொறச்சிடலாம்."

நான் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அவர் குமிழைத் திருகினார். விசில் போல ஆரம்பித்துக் காதுக்குள் நுழைகிற கீச்சலாக ஏறியது. தெரு நாய் ஒன்று எழுந்து போனது. பாய் சந்தோஷமாகத் தலையாட்டிவிட்டுக் குறைத்தார்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. புது ஸ்பிண்டிலுக்குப் பூஜை போட்டேன். கம்பெனியில் இருந்த காலத்திலிருந்தே புது மெஷின் வந்தால் முதல் வேலைக்கு முன்னால் சந்தனம் குங்குமம் வைப்பது வழக்கம். எங்கள் ஃபோர்மேன் உடம்பில் வைக்க விடமாட்டார், மூக்கில்தான் வைக்கச் சொல்வார். வெட்டுகிற இடத்துக்குத்தான் பொட்டு. இத்தனை வருடமும் நான் அப்படித்தான் வைத்துவந்தேன். பன்னீர் விட்டுக் குழைத்த சந்தனத்தை விரலில் எடுத்து ஸ்பிண்டிலின் மூக்கில் மூன்று இடத்தில் அழுத்தி வைத்தேன். குங்குமம் வைத்து, கற்பூரம் காட்டி, எலுமிச்சம்பழத்தை நறுக்கினேன். கொஞ்ச நேரம் கழித்து, நுணுக்கமான வேலையாயிற்றே என்று எல்லாவற்றையும் ஈரத்துணியால் துடைத்தேன்.

பிறகு கட்டரை மாட்டி, முதலில் ஒரு கழிவுப் பித்தளைத் துண்டில் வெட்டிப் பார்த்தேன். முதல் கோதுமை மணி முடிவதற்குள் முனை ஒடிந்தது.

அடுத்த கட்டர். அதுவும் ஒடிந்தது. வேகத்தைக் கூட்டினேன், குறைத்தேன். ஆழத்தைப் பாதியாக்கினேன். ஒடியாமல் போன இடத்தில் ஒரு கோடு இரண்டு கோடு போல அகலமாக விழுந்தது. டயலை எடுத்து மறுபடி வைத்தேன். முந்தின நாள் அசையாமல் நின்ற முள் இப்போது போய்ப் போய் வந்தது.

கட்டரைப் பிடிக்கிற காலெட்டைக் கழற்றிக் காற்றடித்துவிட்டு மாட்டினேன். அதே ஆட்டம். வேறு காலெட் போட்டேன். அதே ஆட்டம். காலெட் காரணமில்லை என்றால் உள்ளே இருக்கிற பேரிங்தான். ஒரே நாளில் அது எப்படிக் கெடும்? பாய் குமிழைத் திருகியதும், அந்தக் கீச்சலும்தான் நினைவுக்கு வந்தன.

வேறு ஸ்பிண்டில் வரவழைக்க நாளாகும், அதற்குள் குருத்து ஞாயிறு போய்விடும். அக்காவிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்தேன். அதைவிடப் பெரிய சங்கடம் பாய். கூலி கூட வாங்காமல் வந்து செய்தவர். உன்னால்தான் கெட்டது என்று நான் எப்படிச் சொல்வேன்? சொல்லாமல் முகத்தைப் பார்த்து எப்படிப் பேசுவேன்? மறுநாள் அவர் போன் செய்தார். எடுக்கவில்லை. மறுபடி அடித்தது. போனைக் கவிழ்த்து வைத்தேன்.

"எடுத்துப் பேசுங்களேன். அவரு என்ன உங்கள முழுங்கிடவா போறாரு?" என்றாள் மனைவி.

"அப்புறம் பேசறேன்."

"அப்புறம் அப்புறம்னு சொல்லியே உங்களுக்கு வயசாயிடுச்சி."

திங்கட்கிழமை மதியம் அக்கா வந்துவிட்டார். கிழக்குத் தாம்பரம் வரை ஷேர் ஆட்டோ, ரயில்வே ஸ்டேஷனுக்கு அந்தப் பக்கம் நடந்து போய் முடிச்சூர் பஸ். வெயிலில் வந்து சேர்ந்த ஆளுக்கு மனைவி மோர் கொடுத்தாள். நான் அப்போது ஸ்பிண்டிலைச் சும்மா ஓடவிட்டு, ஒரு ஸ்குரூ டிரைவரின் முனையை அதன் உடம்பில் வைத்து, பிடியைக் காதில் வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தேன். பேரிங் கெட்டிருந்தால் கரகரவென்று கேட்கும். எனக்கு அப்படி ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் நம்பவும் முடியவில்லை.

அக்கா மோர் டம்ளரோடு ஷெட்டுக்குள் வந்தார். என்னைப் பார்த்ததும் வேலை நடக்கவில்லை என்று தெரிந்திருக்கும். மூக்கைச் சுருக்கினார்.

"இன்னாப்பா, சந்தனம் வாசன அடிக்குது?"

"அது வெள்ளிக்கிழம பூஜை போட்டதுக்கா," என்றாள் மனைவி. "அப்பவே தொடச்சிட்டாரு."

"வெள்ளிக்கிழம போட்டது இப்ப எப்பிடிம்மா வரும்? இது சூட்டுல வர்ற வாசன. அடுப்புல இன்னாவோ ஒட்டிகினு இருந்தா இப்பிடித்தான் வரும்." டம்ளரை வைத்துவிட்டு மெஷினுக்குப் பக்கத்தில் வந்தார். "எனக்கு மூக்குதான்மா கண்ணு. அப்பம் செவந்துடக் கூடாது. கண்ணுல தெரியறப்போ செவந்து போயிருக்கும். வாசன மாறுனவொடனே எடுத்துடணும். இதுலேர்ந்துதான் வருது, பாரு."

அவர் கை காட்டியது ஸ்பிண்டிலின் மூக்கை.

நான் அதை நிறுத்தினேன். முழுதாக நிற்கும்வரை காத்திருந்தேன். நட்டைக் கழற்றி, காலெட்டை எடுத்து, போன் டார்ச்சைக் கீழே பிடித்துத் தலையை மேசைமேல் சாய்த்துக்கொண்டு அந்த ஓட்டைக்குள் பார்த்தேன். காலெட் போய் உட்காருகிற கூம்புக் குழி அது. கண்ணாடி மாதிரி பளபளவென்று இருக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் நகத்துண்டு அகலத்துக்கு மஞ்சளாக ஒரு பூச்சு இருந்தது. காய்ந்து, பழைய பெயின்ட் போல இறுகியிருந்தது.

பெரிய மெஷினின் மூக்கு தட்டு அளவு இருக்கும். அதில் பொட்டு வைத்தால் ஓட்டைக்கும் பொட்டுக்கும் நடுவில் இன்னொரு பொட்டு வைக்கலாம். இந்த மூக்கில் விரல் வைக்கிற இடமே இல்லை. நான் அழுத்தி வைத்தபோது விரலிலிருந்து கொஞ்சம் உள் விளிம்பில் ஒட்டியிருக்கிறது. வெளியே துடைத்தேன், உள்ளே துடைக்கவில்லை. காலெட்டைச் சொருகியபோது அதுவே அந்தச் சந்தனத்தை மேலே தேய்த்து இழுத்துக்கொண்டு போயிருக்கிறது. அந்தப் பூச்சு ஒரு பக்கம் தள்ள, கட்டர் சாய்ந்தே சுழன்றிருக்கிறது. காற்றுக்கு அது அசையவில்லை. எந்தக் காலெட்டைப் போட்டாலும் அதே மேட்டின் மேல்தான் உட்கார்ந்திருக்கும்.

ஐஸ்கிரீம் குச்சியில் துணி சுற்றி, தின்னரில் நனைத்துத் துடைத்தேன். துணியில் மஞ்சள் இறங்கியது. மறுபடி நனைத்து, துணி வெள்ளையாக வரும்வரை துடைத்தேன். காலெட்டையும் துடைத்தேன். கம்பியை மாட்டி, டயலை வைத்துச் சுற்றினேன்.

முள் நின்ற இடத்திலேயே நின்றது.

நான் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். மூன்று நாளாகத் தோளில் ஏறி உட்கார்ந்திருந்த ஏதோ ஒன்று இறங்கிப்போன மாதிரி இருந்தது. பேரிங் கெடவில்லை. பாய் ஒன்றும் செய்யவில்லை. நல்லவேளை, அவரிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"என்னங்க, என்ன ஆச்சி?" என்று மனைவி பயந்துபோய்க் கேட்டாள்.

"ஒண்ணும் ஆகல," என்றேன். "ஒண்ணுமே ஆகல. நான் வச்ச சந்தனந்தான்."

அவள் அக்காவைப் பார்த்தாள். அக்கா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார்.

"ஏம்பா, எங்க மாதாவுக்கு எத்தினி பேர் வந்து பொட்டு வச்சிட்டுப் போறாங்க, அவங்க ஒரு நாளும் கோச்சிகினது இல்ல. ஒன் மெஷினுக்கு இம்மாங் கோவமா?"

போனை எடுத்து பாயைக் கூப்பிட்டேன். முதல் மணியிலேயே எடுத்தார். நான் வாயைத் திறப்பதற்குள் அவரே பேச ஆரம்பித்தார்.

"அண்ணா, நான்தான் ஃபுல்லா வச்சிட்டேன். அண்ணி எங்க கடைக்குப் பக்கத்துல மொளகாத் தூள் வாங்க வந்தப்ப சொல்லிச்சி, கட்டர் ஒடையுதுன்னு. அப்பலேர்ந்து எனக்குத் தூக்கமே இல்ல. நீ வேற போன எடுக்க மாட்டேங்குற. வேற பேரிங் கெடைக்குமான்னு கேட்டுகினு கீறேன். ஒரே பேஜாரா போச்சி."

"பேரிங் நல்லா இருக்கு பாய்."

"இன்னாது?"

சொன்னேன். அவர் பெருமூச்சு விட்டது போனிலேயே கேட்டது.

"எங்கிட்ட சொல்லிருந்தா நான் சக்கர வச்சி ஃபாத்தியா ஓதி ஆரம்பிச்சிக் குடுத்திருப்பேன்ல," என்றார். உடனே அவரே, "வோணாம், வோணாம். சக்கரைய எங்கனா கொட்டி வச்சிருப்பேன். அது இதவிட மோசம்," என்றார். பேச்சை முடிக்காமல் இன்னும் கொஞ்ச நேரம் இழுத்தார். அவருக்கும் போனை வைக்க மனசில்லை போலிருந்தது. நானும் வழக்கத்தைவிட நிறையப் பேசினேன் என்று மனைவி பிறகு சொன்னாள்.

கழிவுத் துண்டில் ஒரு கதிரை வெட்டிப் பார்த்தேன். முனை ஒடியவில்லை. விரலை வைத்துத் தடவினேன், குத்தவில்லை. அக்காவையும் தடவிப் பார்க்கச் சொன்னேன். பிறகு உண்மையான தகட்டை ஏற்றினேன்.

பட்டனை அழுத்துவதற்கு முன்னால் எத்தனை தடவை சரிபார்த்தேன் என்று சொன்னால் சிரிப்பார்கள். ஒரே தகடு. நடுவில் முனை ஒடிந்து பித்தளையில் புதைந்தால் எடுக்க வழியில்லை. அக்கா ஸ்டூலை இழுத்துப்போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். பையிலிருந்து ஜெபமாலையை எடுத்தார். வாய் மட்டும் அசைந்தது, சத்தம் இல்லை. ஸ்பிண்டிலின் கீச்சலில் அவர் சத்தமாகச் சொல்லியிருந்தாலும் கேட்டிருக்காது.

கட்டர் தகட்டைத் தொட்டது. கீச்சலில் ஒரு சின்ன மாற்றம் மட்டும் இருந்தது, தையல் மெஷினில் துணி நுழையும்போது மாறுகிற மாதிரி. பித்தளைத் தூள் மாவாகப் பறந்தது. நான் பிரஷ்ஷால் ஒதுக்கிக்கொண்டே அதன் பின்னாலேயே போனேன். முதல் சிலுவை, முதல் கதிர், அதன் மணிகள். மணிக்கு மேல் முடிக்கோடு வரும்போது மூச்சை நிறுத்திக்கொண்டேன். வந்துவிட்டது. அடுத்த வட்டம். அதற்கடுத்த வட்டம். ஒவ்வொன்று முடியும்போதும் இன்னும் கொஞ்சம் மூச்சு விட்டேன். பாதிக்கு மேல் போனபோது மனைவி டீ கொண்டுவந்தாள். எப்போது குடித்தேன் என்று தெரியாது, டம்ளர் காலியாக இருந்தது.

நிழல் ஷெட்டின் வாசலைத் தாண்டிய பிறகு மெஷின் தானாக நின்றது. முனையை லென்சில் பார்த்தேன். முழுசாக இருந்தது.

மறுநாள் காலை தகட்டைக் கீலில் பொருத்திக் கொண்டு நானே ராஜகீழ்ப்பாக்கம் போனேன். சமையலறையில் ஜன்னலுக்குப் பக்கத்தில் அவருடைய அடுப்பு. தகட்டைச் சூடாக்கினார். துணி முடிச்சில் வைத்திருந்த தேன்மெழுகை அதன்மேல் ஒரு தடவை தேய்த்தார், கோட்டுக்குள் போகாமல் மேலாக. கரண்டியால் நடுவில் மாவை ஊற்றி, மேல் தகட்டை அமுக்கிப் பிடித்தார். ஓரத்தில் ஆவி சீறியது. நான் அடுப்பைப் பார்த்தேன். அவர் ஜன்னலைப் பார்த்தபடி மூக்கை மட்டும் லேசாக உயர்த்திக்கொண்டிருந்தார். திடீரென்று திறந்தார்.

அப்பத் தாள் தகட்டிலேயே ஒட்டிக்கொண்டிருந்தது.

"மொதல் தாள் எப்பவுமே வராதுப்பா. புதுத் தகடாச்சே, மெழுகு ஏறணும்," என்று சொல்லிக்கொண்டே அதைச் சுரண்டிப் போட்டார். அவர் சொல்வது உண்மையா, எனக்காகச் சொல்கிறாரா என்று தெரியவில்லை.

மறுபடி மெழுகு, மறுபடி மாவு. இந்தத் தடவை திறந்தபோது தாளின் ஓரம் தானாகக் கொஞ்சம் எழும்பி நின்றது. அக்கா இரண்டு விரலால் அந்த ஓரத்தைப் பிடித்துத் தூக்கினார். முழுத் தாளும், கிழியாமல், ஒரு சத்தமும் இல்லாமல் கையோடு வந்தது. வெள்ளையாக இருந்தது. அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். சிலுவைகள் தெரிந்தன. கதிர்கள் தெரிந்தன. நான் பக்கத்தில் போய் மணிக்கு மேல் உள்ள கோட்டைத் தேடினேன். ஒவ்வொன்றும் இருந்தது.

அக்கா தாளைத் துணிமேல் வைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, போனை எடுத்தார். கோயிலில் பொறுப்பாக இருக்கிற ஒருவரோடு பேசினார். "குருத்து ஞாயித்துக்கு நானே குடுத்துடறேன். பெரிய வியாழனுக்கும் எத்தினி வோணும்னு சொல்லிடுங்க. பாக்கெட் வாங்க வோணாம்னு ஃபாதர்கிட்ட சொல்லுங்க." அந்தப் பக்கத்திலிருந்து ஏதோ கேட்டார்கள். "தெரியுது, தெரியுது, நல்லாத் தெரியுது. நேர்ல வந்து பாருங்க. பல்லி இல்ல, கோதுமதான்." போனை வைத்தவர் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டு முந்தானையால் முகத்தைத் துடைத்தார். அடுப்புச் சூடு அதிகம்தான்.

அதற்குப் பிறகு அவர் என்னைக் கவனிக்கவில்லை. அவருக்கு வேலை வந்துவிட்டது. ஊற்றுவது, அமுக்குவது, திறப்பது, தூக்குவது. தாள் மேல் தாளாகத் துணியில் சேர்ந்துகொண்டே போனது. எனக்கும் முடிச்சூரில் வேலை கிடந்தது. வாசலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, போகிறேன் என்று சொல்ல வேண்டிய நேரம் தாண்டியும் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒவ்வொரு தடவை தகடு திறக்கும்போதும் வருமா என்று எட்டிப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் வந்தது.

அக்கா திரும்பிப் பார்த்தார். "இன்னும் இன்னாப்பா பாத்துகினு நிக்கற? அதான் வந்துடுச்சில்ல. போய் ஒன் வேலையப் பாரு."

"இன்னும் ஒண்ணு மட்டும் பாத்துட்டுப் போறேன்கா," என்றேன்.

அவர் முக்காலியைக் காலால் என் பக்கம் தள்ளிவிட்டு, அடுத்த கரண்டி மாவை எடுத்தார்.